எந்தப் பள்ளி நல்ல பள்ளி?

கூரத்துக்கு அருகிலுள்ள சிற்றூர் ஒன்றில் பட்டு நெய்யும் நண்பர் ஒருவர், கோடை விடுமுறையில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அவருடைய மகள் ஐந்தாம் வகுப்பை முடித்திருந்தாள். “சார், பாப்பா நம்ம ஊர் நடுநிலைப் பள்ளியிலேயே ஆறாவது படிக்கட்டுமா? இல்ல, பஸ் ஏறிப் போற அந்தப் பள்ளியில சேர்த்துடட்டுமா? ரெண்டுல எது நல்லது?”

இரண்டும் அரசு நடுநிலைப் பள்ளிகள். பாடநூல், சீருடை, மதிய உணவு எல்லாம் இரண்டிலும் ஒன்றே. ஒப்பிட்டுச் சொல்வது எளிது என்று எண்ணி, பள்ளி திறந்தபின் அவருடன் இரண்டுக்கும் சென்றேன்.

பேருந்தில் சென்று சேரும் பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவர்கள் தடங்கலின்றி வாசித்தார்கள். கணக்குகளை விரைவாகச் செய்தார்கள். எங்கள் ஊர்ப் பள்ளியில் சிலர் எழுத்துக் கூட்டித் தடுமாறினார்கள். முடிவு தெளிவாகிவிட்டது என்று எழுந்தபோது, எங்கள் ஊர்த் தலைமையாசிரியை ஒரு குறிப்பேட்டை எடுத்து எங்கள்முன் வைத்தார். ஒவ்வொரு பிள்ளையும் பள்ளிக்கு வந்து சேர்ந்த நாளில் என்ன அறிந்திருந்தது என்று அதில் எழுதியிருந்தது. செங்கல் சூளைக்குப் போகும் பெற்றோருடன் பாதி ஆண்டு ஊர் மாறும் பிள்ளைகளும், வீட்டில் முதன்முதலாகப் பள்ளிப் படியேறிய இருளர் பிள்ளைகளும் அப்பட்டியலில் இருந்தார்கள். எழுத்தே அறியாமல் ஆறாம் வகுப்பில் சேர்ந்த ஒரு சிறுவன், இப்போது ஒரு சிறுகதையைத் தானே படித்து முடிக்கிறான். பிள்ளைகள் எந்த இடத்தில் நிற்கிறார்கள் என்று பார்த்த நாங்கள், எங்கிருந்து புறப்பட்டார்கள் என்று கேட்கவில்லை.

தாலந்து உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஐந்து பெற்றவன் மேலும் ஐந்து ஈட்டினான். இரண்டு பெற்றவன் மேலும் இரண்டு ஈட்டினான். தலைவர் இருவரையும் ஒரே சொற்களால் பாராட்டுகிறார். பத்தையும் நான்கையும் அருகருகே வைத்து அவர் தரவரிசை போடவில்லை. பொதுத்தேர்வு முடிவுகளில் மாநில முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017-ல் நிறுத்தியதும் இத்தகைய வரிசையின் குறையை உணர்ந்தே என்று கொள்ளலாம்.

ஆயினும் இந்த உவமையில் மூன்றாமவனும் இருக்கிறான். பிள்ளைகள் ஏழைகள் என்ற காரணத்தைக் காட்டித் தாலந்தைப் புதைத்துவிட முடியாது. எங்கள் ஊர்ப் பள்ளியில் கணக்குக்கும் அறிவியலுக்கும் உரிய ஆசிரியர் பணியிடம் நெடுநாள் காலியாகக் கிடந்தது. 2009-ல் இயற்றப்பட்ட கல்வி உரிமைச் சட்டமோ, ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் அறிவியலும் கணிதமும், சமூக அறிவியல், மொழிகள் ஆகியவற்றுக்குக் குறைந்தது ஓர் ஆசிரியரேனும் இருக்க வேண்டும் என்கிறது. அருகருகே வைத்துப் பார்த்ததால்தான் அந்த வெற்றிடம் எங்கள் கண்ணில் பட்டது. ஆகவே ஒப்பிடுவது தவறன்று. ஒப்பிட்டபின் நாம் செய்வதில்தான் அறக்கேள்வி இருக்கிறது.

பிள்ளைகளின் கல்விக்கு முதற்பொறுப்பு பெற்றோருடையது, பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் அவர்களுடையது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல் அறிவித்தது. அந்த உரிமையை மறுப்பார் இல்லை. ஆனால் கேட்கத் தெரிந்தவர்களும் மனு எழுதத் தெரிந்தவர்களும் ஒவ்வொருவராக வெளியேறினால், எஞ்சும் பிள்ளைகளுக்காகப் பேச யார் இருப்பார்? குறை கண்ட பள்ளியை விட்டு நாம் விலகிச் செல்கையில், அக்குறை அங்கேயே இருக்கிறது. நம் பிள்ளை மட்டுமே இல்லை.

கூரத்துக்கு இது புதிய செய்தியன்று. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மன் வழங்கிய கூரம் செப்பேடு, அவ்வூர் மண்டபத்தில் தண்ணீருக்கும் நெருப்புக்கும் பாரதம் வாசிப்பதற்கும் பங்கு ஒதுக்கியது. வாசிப்பு அவரவர் வீட்டுக்குள் நின்றுவிடாமல் ஊர்ப் பொதுவாகவும் இருக்கவேண்டும் என்ற எண்ணம் இம்மண்ணில் அத்தனை பழமையானது.

என் நண்பர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு தறியைக் காட்டினார். காஞ்சிப் பட்டில் உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் ஓடி, கோர்வையில் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். கரை நாடாவை மறுபக்கத்திலிருந்து தள்ள ஒரு துணை வேண்டும். முன்பு அந்த இடத்தில் சிறுவர்களே அமர்ந்தார்கள். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகப் பள்ளியை இழந்தவர் பலர். “நானும் அங்க உட்கார்ந்தவன்தான் சார்” என்றார். “அன்னைக்கு எந்தப் பள்ளி நல்லதுன்னு எனக்காக யாரும் கேக்கல.”

முடிவில் மகளைப் பேருந்தேற்றி அந்தப் பள்ளிக்கே அனுப்பினார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு கொள்கைக்காகத் தன் மகளின் ஓராண்டை ஈடுவைக்க எந்தத் தந்தையாலும் இயலாது. ஆனால் மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகனை ஊர்ப் பள்ளியிலேயே வைத்துக்கொண்டு, பள்ளி மேலாண்மைக் குழுவில் சேர்ந்தார். அக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்கவேண்டும் என்பது சட்டம்; அதுவரை அவர் அதை அறிந்திருக்கவில்லை. ஆசிரியர் பணியிடத்தை நிரப்பக் கோரும் மனுவில் முதல் கையெழுத்து அவருடையது.

எந்தப் பள்ளி நல்லது என்று இனி யாரேனும் என்னைக் கேட்டால், விடை சொல்வதற்குமுன் நானும் ஒன்று கேட்பேன்: “யாருடைய பிள்ளைக்கு?”