தோடியில் ஒரு ‘டிக்’

தவில் தனியாவர்த்தனத்தின் நடுவே ஒலி ஒரு கணம் அறுந்தால் காது அதையும் தாளத்தோடு சேர்த்துக்கொண்டு போய்விடும். நாகஸ்வரக் கார்வையில் அது நடக்காது. நாகஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளை தோடி ராகத்தில் ஒரே சுரத்தைப் பிடித்து மூச்சை நீட்டும்போது, நூறில் ஒரு பங்கு விநாடி காணாமல் போனாலும் ‘டிக்’ என்று உறுத்தும். பாகூரில் எங்கள் வீட்டு மடிக்கணினியில் அந்த ‘டிக்’ மதிய வேளையில் வரும். காலையில் அதே தோடி சுத்தமாக ஓடும்.

காலையில் வராதது மதியத்தில் ஏன் வருகிறது? இந்தக் கேள்வியை அவசரமில்லாமல் வைத்துக்கொண்டிருந்ததில் எழுதியவை இவை.

*

கண்ணுக்குப் பொறுமை அதிகம். சினிமாவில் விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒன்று விட்டுப்போனால் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. காது விடாது. அலை ஏறிக்கொண்டிருக்கும்போது திடீரென்று பூஜ்யத்துக்கு விழுந்தால், அந்த விழுதலே தனியொரு ஒலியாகக் கேட்கும். நமக்குக் கேட்கும் ‘டிக்’ அதுதான். வெறும் மௌனமாக இருந்தால் இவ்வளவு உறுத்தாது.

*

முதலில் பாட்டுக் கோப்பையே சந்தேகிக்க வேண்டும். பழைய கேசட்டிலிருந்து மாற்றிய பதிவுகளில் கோளாறு உள்ளேயே உறைந்திருக்கும். திரும்பப் போடும்போது அதே இடத்தில் அறுந்தால் கணினி நிரபராதி. இடம் மாறி மாறி வந்தால்தான் மேற்கொண்டு தேட வேண்டும். எங்கள் தோடியில் இடம் மாறிக்கொண்டே இருந்தது.

*

கணக்குப் போட்டுப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. சோனியும் பிலிப்ஸும் 1980இல் வகுத்த குறுந்தகட்டு முறையில், ஒரு விநாடி இசை என்பது ஒவ்வொரு பக்கத்துக்கும் 44,100 மாதிரிகள். இரண்டு பக்கமும் சேர்த்தால் 1,76,400 பைட். சில ஆண்டுகள் பழைய வன்தட்டும் விநாடிக்குச் சில கோடி பைட்டுகளைக் கொடுக்கும். கணினிக்குப் பாட்டுப் போடுவது ஒரு வேலையே இல்லை. பிறகும் திக்குகிறது. ஆகவே “கம்ப்யூட்டர் ஸ்லோ ஆயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க” என்ற பேச்சு கணக்குக்கு ஒத்துவரவில்லை.

*

விடை பாகூர் ஏரிக்கரையில் இருக்கிறது.

தென்பெண்ணையின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக ஏரிக்குத் தண்ணீர் வருகிறது. வாய்க்காலில் ஒரு நாள் கரைபுரளும். பல நாள் ஒன்றும் வராது. மதகு வழியாக வயலுக்குப் போவது மட்டும் சீராகப் போக வேண்டும். வருவதன் ஒழுங்கின்மையைப் போவதன் ஒழுங்காக மாற்றுவதுதான் ஏரியின் வேலை.

கணினிக்குள்ளும் இப்படியொரு சின்ன ஏரி உண்டு. பஃபர் என்பார்கள். சவுண்ட் சிப் அதிலிருந்து மாறாத வேகத்தில் எடுத்துக்கொண்டே இருக்கும். அதற்குக் காத்திருக்கத் தெரியாது. பிராசசர் வேறு பல வேலைகளுக்கு நடுவில் அவ்வப்போது வந்து நிரப்பிவிட்டுப் போகும். விண்டோஸில் வழக்கமாக ஒரு முறைக்குப் பத்து மில்லி விநாடிக்கான ஒலி, அதாவது 441 மாதிரிகள். அது தீர்வதற்குள் அடுத்த பங்கு வந்தாக வேண்டும். வரத் தாமதமானால் மதகில் காற்று, அதுதான் ‘டிக்’. சில கணினிகளில் பஃபரில் கிடக்கும் பழைய துண்டே திரும்பத் திரும்ப ஓடும். பாட்டு ஓரிடத்தில் சிக்கி ‘டடடட’ என்று அடிப்பது அப்படித்தான்.

ஆண்டு மழையளவு நிறைவாக இருக்கலாம். நட்ட வாரத்தில் தண்ணீர் இல்லையென்றால் அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

*

ஏரியைப் பெரிதாக வெட்டிவிட்டால் போதாதா என்று தோன்றும். பாட்டுக் கேட்பவருக்குப் போதும். பொத்தானை அழுத்திக் கால் விநாடி கழித்துத் தோடி தொடங்கினால் யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் மைக் முன்னால் பாடித் தன் குரலைக் கணினி வழியாகத் திரும்பக் கேட்பவருக்கு அந்தக் கால் விநாடி நரகம். பாடியது பின்னால் வரும், தாளம் குலையும். லினக்ஸில் இப்போது பரவலாகிவிட்ட பைப்வயர் என்ற ஒலி மென்பொருள் இந்தப் பஃபர் அளவைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்கிறது. ஒலிப்பதிவு மென்பொருள்கள் அளவை நம் கையிலேயே விடுகின்றன. சும்மா கேட்பவர்கள் பெரிய பஃபரை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம்.

*

நிரப்ப வருகிறவரை வழியில் மறிப்பது யார்? பெரும்பாலும் டிரைவர்கள், அதாவது கருவிகளை இயக்கும் நிரல்கள். வலைத்தொடர்பு, திரை, மின்சேமிப்பு, ஒவ்வொன்றுக்கும் ஒரு டிரைவர். வைஃபையில் ஏதாவது வந்தால் அதன் டிரைவர், மற்ற நிரல்களை நிறுத்திவைத்துவிட்டுத் தன் வேலையை முடித்துக்கொள்ளும். சட்டென்று விலகிவிட்டால் தெரியாது. சில மில்லி விநாடிகள் உட்கார்ந்துவிட்டால் ஒலிக்கு முறை வராது. பொறியாளர்கள் அஞ்சுவது சராசரியை அல்ல, ஆக மோசமான அந்த ஒரு கணத்தை.

2007இல் வந்த விண்டோஸ் விஸ்டாவில் இதற்காகவே ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். பாட்டு ஓடும்போது வலைத்தொடர்பு ஒரு மில்லி விநாடிக்குப் பத்துத் தரவுப் பொட்டலங்களுக்கு மேல் வாங்கக் கூடாது. விளைவு, பாட்டுப் போட்டால் வேகமான வலையில் கோப்பு நகலெடுப்பது படுத்துவிட்டது. பயனர்கள் கொதித்தார்கள். மைக்ரோசாஃப்டின் மார்க் ருசினோவிச் அந்த ஆகஸ்டில் காரணத்தை விளக்கி எழுதினார். எனக்கென்னவோ அவர்கள் நோக்கம் சரியாகவே படுகிறது. அளவுதான் முரட்டுத்தனம்.

*

மதியத்துக்கு வருவோம்.

பாகூரைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்பார்கள். அறுவடைக் காலத்தில் அந்தப் பெருமை தூசியாக வீட்டுக்குள் வரும். மடிக்கணினியின் விசிறி வாயில் அது படிந்து கிடந்தது. சூடு ஏறினால் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். துடைத்த பிறகு ‘டிக்’ குறைந்தது, நிற்கவில்லை. பேட்டரியில் ஓடும்போது மின்சேமிப்பும் வேகத்தைக் குறைக்கும் என்பதால் அந்த அமைப்பை மாற்றினேன். பெரிய வித்தியாசம் இல்லை. வைஃபையை அணைத்தேன். தோடி நேராகப் போனது.

லேட்டன்சிமான் என்று ஒரு நிரல் உண்டு. எந்த டிரைவர் எவ்வளவு நேரம் பிராசசரைப் பிடித்துவைத்தது என்று மைக்ரோ விநாடியில் காட்டும். வைஃபை டிரைவர்தான் மேலே நின்றது. மதியத்தில் வீடு நிறைந்து, எல்லாக் கைகளிலும் செல்பேசி இருக்கும் நேரத்தில் அதற்கு வேலை அதிகம். புதிய பதிப்பு டிரைவரைப் போட்ட பிறகு, வைஃபை இருந்தும் ஒலி அறுபடவில்லை.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றிய பின் முழு ஆலாபனையையும் கேட்க வேண்டும். எப்போதாவது வரும் கோளாறு, இரண்டு நிமிடம் வராததாலேயே போய்விட்டதாக ஆகாது. சோதிக்க மின்னணுச் சுருதிப்பெட்டியின் பதிவை ஓடவிடுவது நல்லது. விடாமல் நிற்கும் ஒலியில் எந்த அறுப்பும் ஒளிய முடியாது. இதைச் சாக்கிட்டு அரை மணி சும்மா உட்கார்ந்து சுருதி கேட்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

*

வில்லியனூரில் ரேடியோ செட் வைத்திருக்கும் தம்பி ஒருவர். திருக்காமீசுவரர் கோயில் விழாவுக்கும் கட்டுவார், லூர்து மாதா திருவிழாவுக்கும் கட்டுவார்.

“பாட்டு விட்டு விட்டு வருதுண்ணே. ஆம்ப்ளிஃபயர்ல கோளாறா?”

ஆம்ப்ளிஃபயர் கெட்டால் இரையும். ஒயர் தளர்ந்திருந்தால் அசைக்கும்போது கரகரக்கும். விட்டு விட்டு வருவது பெரும்பாலும் வேறு நோய். அவர் மடிக்கணினியில் ப்ளூடூத் குச்சியும், அதை ஒட்டிய துளையில் யுஎஸ்பி 3.0 பென்டிரைவும் செருகியிருந்தன. ப்ளூடூத் வேலை செய்வது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில். யுஎஸ்பி 3.0 ஓடும்போது அதே அலையில் இரைச்சல் கசிகிறது என்று இன்டெல் 2012இலேயே அறிக்கை வெளியிட்டது. ஒரு முழ நீட்டிப்புக் கேபிளில் குச்சியைத் தள்ளி வைத்தால் சரியாகும் என்றேன்.

“ஒயர்லயே போட்டுட்டா இந்த வம்பே இல்லண்ணே” என்று ப்ளூடூத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். அவர் தீர்ப்புத்தான் சரி.

*

பாட்டு திக்குகிறது என்று கடைக்குக் கிளம்புகிறவர்கள், தயவுசெய்து அதற்கு முன் வைஃபையையும் ப்ளூடூத்தையும் அணைத்துவிட்டு, விசிறியைத் துடைத்து, ஒயரில் ஹெட்போன் செருகி ஒரு முழுப் பாட்டைக் கேட்டுப் பாருங்கள். சரியாக ஓடினால் பணத்தை வீட்டிலேயே வைத்துவிடலாம்.