முறுமுறுப்பும் முறையீடும்



தாழ்ச்சியைப் பற்றிய பிரசங்கத்துக்கு நாம் எல்லோரும் தலையசைக்கிறோம். கோவிலை விட்டு வெளியே வந்து வாலாஜாபேட்டை வெயில் முகத்தில் அடித்ததும் நாவு தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது. பூசை நீண்டுவிட்டது, பஸ் வரவில்லை, குழம்பில் உப்பில்லை, மேஸ்திரிக்குக் கண்ணில்லை. இதற்கு வேதாகமம் இட்ட பெயர் முறுமுறுப்பு.

இதன் வேர் ஆங்காரமே. "எனக்கு இப்படி நேரிடலாமா?" என்று உள்ளே கேட்பது அதுதான். எஜிப்தை விட்டுப் புறப்பட்ட இஸ்ராயேல் ஜனங்கள் அங்கே பட்ட அடிமைத்தனத்தை மறந்தார்கள். இறைச்சிச் சட்டிகளை மட்டும் நினைத்துக்கொண்டார்கள். தங்கள் கூடாரங்களுக்குள் இருந்துகொண்டு முறுமுறுத்தார்கள். கூடாரத்துக்குள் பேசுவதால் எந்தக் குறையும் தீராது. பக்கத்திலிருப்பவன் மனமும் கசந்துபோவதே மிச்சம்.

1897-ல் தமது 24-ம் வயதில் மரித்த அர்ச். குழந்தை தெரேசம்மாளைப் பாருங்கள். மடத்தில் துணி துவைக்கையில் எதிரே இருந்த சகோதரி அழுக்குத் தண்ணீரை அவள் முகத்தில் தெறிக்கவிட்டுக்கொண்டே இருந்தாள். தெரேசம்மாள் முகத்தைத் துடைத்துக் காட்டவுமில்லை, பின்வாங்கவுமில்லை. அதைச் சேசுநாதருக்குக் காணிக்கையாக்கினாள். நம்முடைய குறைகளில் பெரும்பாலானவை இப்படித் தெறித்த தண்ணீர்தான்.

"அப்படியானால் அநியாயத்தையும் வாய்மூடிச் சகிக்க வேண்டுமா?" என்று கேட்பீர்கள். தோல் தொழில் நடக்கும் நம் பக்கத்தில் இது தட்டிக்கழிக்கக்கூடிய கேள்வியல்ல. டேனரிகள் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. அவற்றின் கழிவாலேயே பாலாற்றங்கரைக் கிணறுகள் கெட்டன. ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுவதுமாகவோ பகுதியாகவோ பயிருக்கு உதவாமற்போனதாக ஆய்வு கூறிற்று. கெட்ட தண்ணீரை இறைக்கும் ஏழைத் தாயிடம் "தாழ்ச்சியாயிரு" என்று சொல்லிவிட்டுப் போவது புண்ணியமாகுமா? ஆகாது. பிறர் துன்பத்தைக் கண்டு நாம் மௌனமாயிருப்பதற்குத் தாழ்ச்சி என்று பெயரிடக்கூடாது.

வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் 1991-ல் உச்ச நீதிமன்றத்தில் மனுச் செய்தது. 1996 ஆகஸ்டு 28-ந் தேதி தீர்ப்பு வந்தது: நீரையும் நிலத்தையும் கெடுத்தவனே அதைச் சீராக்கும் செலவையும் ஏற்க வேண்டும். 2025 ஜனவரியிலும் நஷ்டஈட்டைப் பற்றி அதே நீதிமன்றம் மறுபடி கட்டளையிட வேண்டியிருந்தது. இத்தனை ஆண்டு பொறுமையோடு நடந்த இது முறுமுறுப்பல்ல, முறையீடு.

நம் ஆண்டவரே இந்த வித்தியாசத்தைக் காட்டியிருக்கிறார். பரிகாசம் செய்த ஏரோதின் முன் அவர் வாய் திறக்கவில்லை. ஆனால் விசாரணையில் ஒரு சேவகன் கன்னத்தில் அறைந்தபோது, தாம் சொன்னதில் தப்பிதம் எது என்று அமைதியாய்க் கேட்டார். கோபமுமில்லை, பயமுமில்லை.

கானாவூர் கலியாணத்தையும் நினையுங்கள். திராட்சரசம் தீர்ந்துபோயிற்று. தேவமாதா வீட்டுக்காரரைப் பழிக்கவில்லை. பந்தியில் இருந்தவர்களிடம் கிசுகிசுக்கவுமில்லை. குறையைத் தீர்க்க வல்லவரிடம் ஒரே வார்த்தையில் சொன்னாள். அதுவும் தனக்காக அல்ல.

ஆகையால் இன்றிரவு ஆத்துமசோதனை செய்யும்போது மூன்று கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்று நான் குறை சொன்னது யாருக்காக? யாரிடம்? அன்போடா, கசப்போடா? என் சுகத்துக்காக, ஒன்றும் செய்ய இயலாதவரிடம், கசப்போடு சொல்லியிருந்தால் அது முறுமுறுப்பு. நாளைக்கு அதை விழுங்கிவிடுங்கள். அயலானுக்காக, கேட்க வேண்டியவரிடம், அன்போடு சொல்ல வேண்டியது பாக்கியிருந்தால், நாளைக்கே போய்ச் சொல்லுங்கள்.

முன்னதற்கு அடக்கமும் பின்னதற்குத் தைரியமும் வேண்டும். தாழ்ச்சியுள்ள இருதயத்துக்குச் சர்வேசுரன் இரண்டையும் தந்தருள்வாராக.