குளிர்ந்த நேரம் யாருடையது?

மலேசியாவின் கெடா ரப்பர் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குக் குனோங் ஜெராய் மலை தெரியாமல் இருக்காது. பீடோங்கில் நின்றாலும் குருணில் நின்றாலும் தலை நிமிர்ந்தால் அதுதான். 1,217 மீட்டர் உயரம். வங்கக் கடலைத் தாண்டி வந்த பழங்கால மாலுமிகளுக்குக் கடாரம், அதாவது பழைய கெடா, நெருங்கிவிட்டது என்று காட்டிய மலை. பூஜாங் பள்ளத்தாக்கின் பழைய கோயில் அடித்தளங்கள் அதன் காலடியில்தான் இருக்கின்றன. இருந்தும், தினமும் அதைப் பார்த்தபடி பால்மரம் வெட்டியவர்களில் எத்தனையோ பேர் ஒருநாளும் அங்கே போனதில்லை. பணமில்லாதது மட்டும் காரணமென்று நான் நினைக்கவில்லை.

நம் வீடுகளில் பயணத்துக்கு ஒரு காரியம் வேண்டும். தைப்பூசத்துக்குப் பினாங்கு, கல்யாணத்துக்கு ஈப்போ, துக்கத்துக்குக் கிள்ளான். சும்மா போவது வெட்டிச் செலவு. ஜெராய் அடிவாரத்தில் கூடாரம் போட்டுத் தங்கிவிட்டு மறுநாள் மேலே போகலாம் என்று நான் சொன்னபோது, "அங்க கோயிலு ஏதும் இருக்கா ஐயா?" என்றுதான் அம்மா கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் பெரிய வரலாறே இருக்கிறது. பினாங்கின் கொடிமலை, மேக்ஸ்வெல் மலை, கேமரன் மலை என்று இந்த நாட்டின் குளிர்ந்த இடங்களை வெள்ளைக்காரர்கள் தேடிப்பிடித்து ஓய்வு மாளிகை கட்டிக்கொண்டார்கள். 1923-இல் கொடிமலைக்கு ரயிலே ஓடியது. கீழே தோட்டத்திலும் விடியலுக்கு முன் குளிர் இருந்தது. ஆனால் அது மரத்துக்குச் சொந்தம். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். அதனால் தோட்டத்து மக்கள் இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நின்று, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மர நிரைக்குள் நுழைந்தார்கள். மழை பெய்து பட்டை நனைந்தால் வெட்டு இல்லை, கூலிக்கும் கேடு. ஒரு நாளின் இதமான பொழுதை முழுக்க வேலைக்குக் கொடுத்துவிட்ட மக்களுக்கு, ஓய்வு என்பது அடுத்தவர் பொருளாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

மெர்போக் பக்கம் துப்பா ஆற்றோரம் தங்கினோம். கூடாரம் இரவல். அரிசி, நெத்திலி, சம்பல், சின்ன கேஸ் அடுப்பு எல்லாம் வீட்டிலிருந்து வந்தவை. பெட்ரோலையும் சேர்த்து ஐம்பது வெள்ளிக்குள் முடிந்தது. காலையில் வளைந்து வளைந்து ஏறும் சாலையில் மேலே போனோம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 6 டிகிரி வெப்பம் குறையும் என்பார்கள். அம்மா சேலைத் தலைப்பைத் தோளைச் சுற்றி இழுத்துக்கொண்டார். பால் கறை ஏறி, கத்தி பிடித்துக் காய்த்துப்போன விரல்கள் காப்பிக் குவளையைச் சுற்றியிருந்தன. கீழே யான் வயல்கள், அதற்கப்பால் மலாக்கா நீரிணை. "இந்நேரம் ரெண்டு நிரை முடிச்சிருப்பேன்" என்றார். பிறகு வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை.

செலவு குறைந்த பயணத்தின் அருமை அங்கேதான் எனக்கு விளங்கியது. நிறையப் பணம் கட்டிப் போகும்போது, கட்டியதற்கு ஈடாக எல்லா இடத்தையும் பார்த்துத் தீர்க்க வேண்டும் என்ற பரபரப்பு கூடவே வந்துவிடுகிறது. எத்தனை மரம் வெட்டினோம், எத்தனை கிலோ பால் எடுத்தோம் என்ற அதே கணக்கை விடுமுறையிலும் சுமக்கிறோம். கையில் இருப்பதைக் கொண்டு போகிறவருக்கு ஈடுகட்ட ஒன்றுமில்லை. அவர் உட்கார்ந்தே இருக்கலாம்.

உழைப்பைப் பெருமையாகச் சொல்லி வளர்த்தார்கள். அந்தப் பெருமை நியாயமானது. ஆனால் உழைத்தால்தான் மனிதர் என்ற எண்ணமும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக் காடாகி, வீடமைப்புப் பகுதியாகி, பிள்ளைகள் சுங்கைப்பட்டாணித் தொழிற்சாலைகளில் ஷிப்டு வேலைக்குப் போன பிறகும் அது போகவில்லை. ஓவர்டைமை விட மனம் வருவதில்லை. சும்மா இருக்கும் ஒரு நாளுக்காக யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோல் கூசுகிறோம்.

அந்தக் கூச்சத்தை விட வேண்டும். பெரியவர்களின் முழங்கால் தாங்கும்போதே, வேண்டுதலும் விசேஷமும் இல்லாத ஒரு நாளில் அவர்களை எங்காவது கூட்டிப் போங்கள். வேலை செய்யாத பொழுதிலும் தாங்கள் மதிப்புள்ளவர்கள்தான் என்பதை அவர்கள் உணர வேண்டும். அதைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு நாம் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்காது.