தலையில் ஒட்டும் பெயர்

மலிவான பொருள் ஒன்றை வாங்கி, வாங்கிய விலைக்கு மேலே செலவழித்து அதைச் சீர்படுத்துகிறவனைப் பற்றி உலகத்துக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. “அந்தப் பணத்தைச் சேர்த்து வைத்து முதலிலேயே நல்லதாக வாங்கியிருக்கலாமே” என்பார்கள். கணக்கு சரிதான். ஆனால் மனிதன் ஆசைப்பட்டுச் செய்கிற காரியங்களில் கணக்குக்கு அடங்குவது எத்தனை? வீட்டில் ரோஜாச் செடி வளர்க்கிறவனிடம் பூக்கடை விலையைச் சொல்லி யாரும் வாதாடுவதில்லை.

என் தங்கையின் மகன் 12,000 ரூபாய் கொடுத்து ஒரு மின்சார கிதார் வாங்கினான். இந்தோனேஷியாவில் செய்தது. பார்வைக்குக் குறையொன்றும் இல்லை, வாசித்தால்தான் தெரிந்தது. வீணையில் மெட்டு என்கிறோமே, அதுபோலக் கிதாரின் கழுத்திலும் உலோகக் கம்பிகள் பதித்திருக்கின்றன. அவற்றின் முனைகள் விரலைக் கீறின. தலைப்பக்கம் தந்திகள் உட்காருகிற வெள்ளைத் துண்டில் பள்ளம் போதிய ஆழமில்லை. முதல் மெட்டில் அழுத்தினால் தந்தி அதிகமாக இழுபட்டுச் சுருதி ஏறிற்று. தந்தியின் அதிர்வை மின்சாரமாக்குகிற உறுப்புக்குப் பிக்கப் என்று பெயர். அந்த ஜாதிக் கிதார்களில் உயர்ந்ததாக இருந்தால் ஒவ்வொரு தந்திக்கும் கீழே ஒரு காந்தக் குச்சியே நிற்கும். இதில் வெறும் இரும்புக் குச்சிகள், அவற்றுக்கு அடியில் ஒட்டிய ஒரு காந்தப் பட்டை. ஒலிபெருக்கியைத் திருகினால் பாட்டுக்கு முன்னால் இரைச்சல் வந்தது.

பையன் சளைக்கவில்லை. பிளாஸ்டிக் துண்டை எடுத்துவிட்டு எலும்பில் செய்த துண்டை வைத்து, ஆறு பள்ளங்களையும் தந்தியின் கனத்துக்குத் தக்கபடி ஊசி அரத்தால் இழைத்தான். பிக்கப்புகளையும் பிருடைகளையும் மாற்றினான். உள்குழியில் செம்புத் தகடு ஒட்டி இரைச்சலை அடக்கினான். பிரிட்ஜுக்கு அடியில் கனமான எஃகுக் கட்டை ஒன்றைப் பொருத்தப் போனபோது அது முதுகுப்பக்கம் துருத்திக்கொண்டு நின்றது. மரத்தின் கனத்திலும் கொஞ்சம் மிச்சம் பிடித்திருந்தார்கள்! ஆக மொத்தம் 15,000 ரூபாய். இதில் சேராதது, 21 மெட்டுகளின் 42 முனைகளையும் ஒவ்வொன்றாக அரத்தால் மழுக்கி உப்புத்தாளால் தேய்த்த ஞாயிற்றுக்கிழமைகள்.

நான் அதிகமாக யோசித்தது அந்த 42 முனைகளைப் பற்றித்தான். அவை ஏன் கூராக இருந்தன? மரம் காய்ந்து சுருங்கினாலும் முனை வெளியே நீட்டும், உண்மைதான். ஆனால் பெரிய காரணம் வேறு. முனைகளை மழுக்குவதற்கு ஒரு மனிதனோ மனுஷியோ உட்கார வேண்டும். அவர்களுக்கு நேரம் வேண்டும். அந்த நேரத்துக்குக் கூலி கொடுத்தால் 12,000 ரூபாய்க்கு விற்க முடியாது. இந்தக் காலத்தில் உடம்பையும் கழுத்தையும் இயந்திரம் வெட்டுகிறது. மலிவானதற்கும் விலை உயர்ந்ததற்கும் வடிவத்தில் பெரிய வித்தியாசம் இராது. மலிவுக் கிதாரில் குறைவது பெரும்பாலும் நேரம். தொழிலாளிக்குக் கைப்பழக்கம் இல்லையென்று நான் நம்பவில்லை. அடுத்த கழுத்து பின்னாலேயே வந்துகொண்டிருந்திருக்கும். அந்த ஊர்த் தொழிலாளிக்குக் கொடுக்கப்படாத நேரத்தைத்தான் சென்னையில் இருக்கிற இந்தப் பையன் தன் ஞாயிற்றுக்கிழமைகளிலிருந்து எடுத்துக் கொடுத்தான். இப்படிப் பார்க்கும்போது அவன் செலவு எனக்கு அசட்டுத்தனமாகத் தோன்றவில்லை.

கருவியைப் பிரித்து மாற்றுவது ஏதோ அபசாரம் என்று நினைப்பவர்களும் உண்டு. கலிபோர்னியாவில் ஃபுல்லர்ட்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர் 1950-ல் கட்டைக் கிதாரை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, கழுத்தைப் பசை போட்டு ஒட்டாமல் திருகாணிகளால் இணைத்தார். கெட்டுப்போனதைக் கழற்றி வேறொன்றை மாட்ட வேண்டும் என்பதே ரிப்பேர்க்காரருடைய புத்தி. அவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது என்பது ஒரு வேடிக்கை. நம் ஊரிலும் மிருதங்கத்துக்கு மூட்டு மாற்றுகிறோம்; வீணைக்கு மெழுகைப் புதுப்பித்து மறுபடி மேளம் கட்டுகிறோம். ‘இது அதே வீணைதானா?’ என்று எந்த வித்துவானும் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

சங்கடம் வேறு இடத்தில் வந்தது. எல்லாம் முடிந்த பிறகு கிதாரின் தலையில் இருந்த பெயரைச் சுரண்டிவிட்டு, புகழ்பெற்ற அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் பெயரை ஒட்டப் போவதாகப் பையன் சொன்னான். தண்ணீரில் நனைத்து ஒட்டுகிற படமாக அது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறதாம்.

“இதனால் யாருக்கு நஷ்டம், மாமா?” என்று கேட்டான். “நான் இதை விற்கப் போவதில்லை. சத்தம் அதே மாதிரிதான் இருக்கிறது. உள்ளே இருக்கிற சாமானில் பாதி அவர்களுடையதுதான்.”

சுலபமாகத் தள்ளிவிடக்கூடிய கேள்வி இல்லை இது. கடைசி வாதத்தை முதலில் பார்க்கலாம். எரிக் கிளாப்டன் 1970-ல் நாஷ்வில் நகரத்தில் வாங்கிய பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதார்களில் மூன்றைப் பிரித்து, நல்ல உறுப்புகளை எடுத்து ஒன்றாகக் கூட்டினார். 2004-ல் அது ஏலத்தில் 9,59,500 டாலருக்குப் போயிற்று. அதைப் போலி என்று ஒருவரும் சொல்லவில்லை. அப்படியானால் எத்தனை உறுப்பு வந்தால் பெயரும் கூட வரலாம்? பாதியா, முக்காலா? இந்த வழியில் போனால் முடிவு கிடைக்காது. பெயர் என்பது சாமான் பட்டியலுக்குப் போட்ட தலைப்பு அல்ல. ‘இதைச் செய்ததற்கு நான் ஜவாப்தாரி’ என்று ஒருவர் சொல்லும் வார்த்தை. அந்தக் கம்பெனி இந்தக் கிதாரைப் பார்த்ததே இல்லை.

‘விற்கப் போவதில்லை’ என்பது இன்றைய எண்ணம். வாயால் சொன்ன பொய்யை வாயாலேயே திரும்ப எடுத்துக்கொள்ளலாம். மரத்தில் ஒட்டிய பொய்யோ சொன்னவனை விட்டுத் தனியே நடக்கும். கிதார் 50 வருஷம் இருக்கும். பையனுக்கு வேலை மாறும், ஊர் மாறும், கல்யாணம் ஆகும். ஒரு நாள் யாரோ ஒருவன் பழைய சாமான் கடையில் அந்தத் தலையைப் பார்த்து, தன் மூன்று மாதச் சம்பளத்தை எண்ணி வைப்பான். அப்போது விளக்கம் சொல்ல இவன் பக்கத்தில் இருக்க மாட்டான்.

ஆனால் அவன் பிறகு சொன்னது இந்த வாதங்களையெல்லாம்விட என்னை அதிகமாகத் தொட்டது. ஒரு கல்லூரி விழாவில் மேடைக்குப் பின்னால் இரண்டு பேர் அவன் கிதாரின் தலையைப் பார்த்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்களாம். இன்னும் ஒரு தந்தியைக்கூட அவன் மீட்டவில்லை. காதால் கேட்க வேண்டியதைக் கண்ணால் கேட்கிறவர்கள் இருக்கும்வரை இப்படிப்பட்ட பெயர்ச் சீட்டுகள் விற்றுக்கொண்டுதான் இருக்கும். பொய்யில் அந்தச் சிரிப்புக்கும் பங்கு உண்டு. ஒட்டுகிறவனை மட்டும் கூண்டில் நிறுத்த எனக்கு மனமில்லை. இந்த இடத்தில் பிரையன் மேயைச் சொல்லலாம். ஃபெண்டர் வாங்க வசதியில்லாமல் 1963-ல் தகப்பனாரோடு உட்கார்ந்து, பழைய கணப்படுப்பின் மரச்சட்டத்தில் கழுத்தும் மோட்டார் சைக்கிள் ஸ்பிரிங்கும் அம்மாவின் சட்டைப் பொத்தானுமாகத் தன் கிதாரைச் செய்தார். 2002-ல் பக்கிங்ஹாம் அரண்மனைக் கூரைமேல் நின்று அதையே வாசித்தார். ஆனால் ஜெயித்தவனைக் காட்டி, சிரிக்கப்பட்டவனுக்கு உபதேசம் செய்வது மிகவும் சௌகரியமான காரியம். நான் அதைச் செய்யவில்லை.

நான் அவனிடம் கேட்டது ஒன்றுதான். “யாருக்கு நஷ்டம் என்கிறாயே, அந்த 42 முனைகளையும் தேய்த்தது யார்?” அமெரிக்கப் பெயரை ஒட்டினால் பார்க்கிறவன் அந்த வழவழப்பைக் கம்பெனியின் கணக்கில் எழுதிவிடுவான். மரத்தை வெட்டிச் சேர்த்த இந்தோனேஷியத் தொழிலாளியும் மறைந்துபோவான். மிச்ச வேலையை முடித்த இவனும் மறைந்துபோவான். இருவர் உழைப்பும் அதில் கை வைக்காத மூன்றாவது ஆளுக்குப் போகும். அதுவும் இவன் கைக்காசில்!

1950-களில் ஃபெண்டர் தொழிற்சாலையில் டாடியோ கோமெஸ் என்று ஒருவர் கழுத்துகளை இழைத்துக்கொண்டிருந்தார். தலையில் முதலாளியின் பெயர் இருக்கும். கோமெஸ் கழுத்தின் அடிப்பாகத்தில், திருகாணி முடுக்கினால் உள்ளே மறைந்துவிடுகிற இடத்தில், பென்சிலால் ‘டி.ஜி.’ என்று எழுதித் தேதியும் போட்டு அனுப்புவார். கடையில் வாங்கினவனுக்கு அது தெரியாது. பழைய கிதார் சேகரிப்பவர்கள் இப்போது திருகாணிகளைக் கழற்றி அந்த இரண்டு எழுத்தைத் தேடுகிறார்கள்.