அழித்தலும் அருளே

மழைக்காலத்தில் வீழ்ந்த மரத்தின்மேற் காளான் பூத்திருக்கக் காண்பார் பலரும் அதனை அருவருத்து அகல்வர். அங்ஙனம் அகலாது சிறிது நின்று நோக்குவார்க்கு, இறைவன் ஐந்தொழிலுள் ஒன்றாகிய அழித்தலின் இயல்பு ஒருவாறு புலனாம்.

காளான் தாவரம்போலத் தோன்றினும் தாவரம் அன்று. விட்டேக்கர் என்னும் அமெரிக்க அறிஞர் 1969-இல் அதனைத் தனி உயிருலகமாக வகுத்தார். பச்சையம் இன்மையின், அது ஞாயிற்றொளியால் உணவாக்கிக்கொள்ள மாட்டாது. நாம் காணுங் குடை அதன் கனிபோல்வதோர் உறுப்பே. உடலோ மரத்தினுள் நூலிழைபோற் பரந்து கிடப்பது. அவ்விழைகள் செரிப்புநீரைப் புறத்தே கசியவிட்டுக் கட்டையைக் கரைத்து, கரைந்ததனை உறிஞ்சும். மரத்திற்கு வன்மைதரும் லிக்னின் என்னும் பொருளை முற்றச் சிதைக்கவல்ல உயிர்கள் மிகச் சில. கட்டையை வெளிறச்செய்து மக்குவிக்குங் காளான்கள் அவற்றுள் தலையாயன. சிதைந்த மரத்தின் ஒரு கூறு கரியமிலவாயுவாய் வளியிற் கலக்கும். ஒரு கூறு மக்காய் மண்ணிற் சேரும். அவற்றைக் கொண்டு மற்றொரு வித்து மரமாகும். இல்பொருளாய் ஒழிந்தது யாதும் இல்லை. காரியம் தன் காரணத்தில் ஒடுங்கிற்று, அவ்வளவே. சற்காரியவாதத்திற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

அற்றேல், காளானே அழிக்கும். இறைவன் எற்றுக்கெனின், கூறுதும். குடம் வனைதற்கண் மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணன். காளான் தன் பசிதீர்தல் ஒன்றே நாடுவது. நாளை முளைக்கும் வித்திற்கு மண்ணைப் பதப்படுத்துகின்றோம் என்னும் உணர்வு அதற்கில்லை. தன் பயனே நாடுவதொன்றன் செயல் பிறவுயிர்க்கும் பயனாய் முடிதற்கு, முற்றுணர்வுடைய முதல்வன் வேண்டும் என்பது நம் நூற்றுணிபு.

இனி, 'உளுத்த மரத்திற்கு இஃது ஒக்கும். குழவியை இழந்த தாய்க்கு அழித்தலை அருளென்று கூறல் தகுமோ?' என்பாரும் உளர். இவ்வினா எளிதிற் கடக்கற்பாலதன்று. ஒடுங்குவது மாயாகாரியமாகிய உடம்பே. உயிர் நுண்ணுடம்போடு கூடித் தன் வினைக்கீடாக மேற்செல்லும். பிறந்திறந்து உழலும் உயிரை இளைப்பாற்றுதலே அழித்தலின் கருத்தென்பர் ஆசிரியர். எனினும் இவ்வுண்மை பிறர் அழுகையை அடக்குதற்குத் தரப்பட்டதன்று. தன் பற்றைத் தான் களைதற்குத் தரப்பட்டது. அழுவார் பக்கலில் அன்போடு உடனிருத்தலே அடியார் கடன். அருளை வாயாற் சொல்லுமுன் கையாற் செய்தல் வேண்டும்.

காளான் தான் செய்யுந் தொண்டினை அறியாது செய்கின்றது. அறியும் பேறுபெற்ற நாம், இவ்வுடம்பு மண்ணில் ஒடுங்குமுன் இதனை அவன் பணிக்கு ஆக்குவோமாக.

சிவம்.