பிராயச்சித்தமும் பிணையும்

காஞ்சிபுரத்துக்கு அண்மையிலுள்ள உத்தரமேரூரிலே, முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919ஆம் 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுக்கள், குடவோலை முறைக்குச் சான்றாக எத்தனையோ மேடைகளிற் பேசப்பட்டுவிட்டன. நம் முன்னோர் ஜனநாயகம் அறிந்திருந்தார்கள் என்று மகிழ்ந்துகொண்டு நாமும் அப்பால் நகர்ந்துவிடுகிறோம். யார் யாருடைய பெயரைக் குடத்தில் இடலாகாது என்று அவற்றுட் பிந்திய சாசனம் விதிக்கும் பகுதியை நின்று நிதானித்து வாசிப்பவர் குறைவு. கால்வேலிக்கு மேற்பட்ட இறை நிலமும் சொந்த மனையில் எடுத்த வீடும் உடையவனாய், 35 வயதுக்கு மேல் 70 வயதுக்கு உட்பட்டிருப்பவனே வாரியத்துக்குத் தகுதியானவன் என்று தொடங்கி, முன்பு வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவனையும் அவனுடைய உறவினரையும், பிறர் பொருளை அபகரித்தவனையும் ஒதுக்கிவிட்டு, பின்னும் ஒரு படி மேலே சென்று, சிலவகைப் பாதகங்களைச் செய்து பிராயச்சித்தம் பண்ணிச் சுத்தரானவர்களையும் அவர்கள் ஆயுள் உள்ளளவும் விலக்கி வைக்கச் சொல்கிறது அந்தச் சாசனம்.

சுத்தராகிவிட்டார் என்று தாமே ஒப்புக்கொண்ட பிறகு, அவரைச் சாகுமட்டும் விலக்குவானேன்? பிராயச்சித்தத்திலே சபையாருக்கு நம்பிக்கை இல்லையென்றால் அதைச் செய்வித்திருக்கவே மாட்டார்கள். தெய்வத்தின் முன்னே ஒருவன் சுத்தனாவதும், ஊர்ப்பொருளை அவன் கையிலே மீண்டும் ஒப்படைப்பதும் இருவேறு விவகாரங்கள் என்று அவர்கள் கருதினார்கள் போலும். அந்தப் பேதம் நியாயமானதுதானா, நியாயமானதானால் அதற்கு எல்லை எது என்பதே இங்கே என் விசாரம். அதற்கு நான் எடுத்துக்கொள்ளும் ஆள் காணித் தரகன்.

குற்றவாளியென்று நீதிமன்றம் தீர்த்த தரகரின் உரிமத்தை அரசு பறிக்கலாமா என்ற கேள்விக்குப் பல தேசங்கள் சட்டத்திலே விடை எழுதிவிட்டன. சிங்கப்பூரில் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சொத்துத் தரகர் மன்றம், வஞ்சனையோ நேர்மையீனமோ கலந்த குற்றத்துக்குத் தண்டனை பெற்றவரைத் தகுதியும் யோக்கியமும் உடையவராகக் கொள்வதில்லை. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மனைவணிக ஒழுங்குமுறைச் சட்டம் தரகரைப் பதிவு செய்யச் சொல்லி, நிபந்தனையை மீறினால் பதிவை இரத்துச் செய்யும் அதிகாரத்தையும் தருகிறது. இங்கிலாந்திலே கதை வேறு. அங்கே உரிமம் என்று ஒன்று முன்கூட்டி வேண்டுவதில்லை. 1979ஆம் ஆண்டுச் சட்டம் மோசடிக்கும் வன்முறைக்கும் தண்டிக்கப்பட்டவரை அத்தொழிலிலிருந்து தடுக்க இடம் வைத்திருக்கிறது, அதற்கு ஐந்து ஆண்டு முன்னே வந்த இன்னொரு சட்டமோ பழைய தண்டனைகளைக் காலம் சென்றபின் மறக்கும்படி கட்டளையிடுகிறது.

நம் நாடாகிய இலங்கையில் காணி கைமாறும் வழியில் நிற்கும் நொத்தாரிசுக்கு 1907ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம் உண்டு. சட்டத்தரணியை உயர் நீதிமன்றம் பெயர்ப்பட்டியலிலிருந்து நீக்கலாம். தரகருக்கோ உரிமப்பத்திரம் பெற்றாகவேண்டும் என்ற நியதி இன்னும் வேரூன்றவில்லை. ஆகவே ஆலையடிவேம்பிலோ அக்கரைப்பற்றிலோ ஒரு தரகர் போலி உறுதிக்காக மறியலுக்குப் போய் வந்தாலும், பறிப்பதற்கு அவரிடம் ஒன்றுமில்லை. மறுநாட் காலையிலே பழைய தேநீர்க்கடையில் பழைய கதிரையில் அவர் உட்காரலாம். அப்படியானால் இந்தக் கேள்வி நமக்கு எதற்கு என்று கேட்பவர், அந்தத் தேநீர்க்கடைக்கு ஒருமுறை வந்து பார்க்கட்டும்.

மேசையிலே நில அளவைப் படத்தின் போட்டோப் பிரதி விரித்துக் கிடக்கும். மடிப்பு விழுந்த இடத்தில் எல்லைக்கோடு அழிந்திருக்கும். எதிரே, கட்டாரில் இருக்கும் கணவன் அனுப்பிய பணத்தை நம்பி மகளுக்கு ஒரு வளவு வாங்க வந்த தாய், பக்கத்திலே துணைக்கு அவளுடைய தம்பி. வடக்கே ஒழுங்கை, கிழக்கே இன்னாரின் காணி, தெற்கே வாய்க்கால் என்று தரகரின் விரல் ஓடும். உறுதியின் பாஷையோ படித்தவனுக்கே பாதி விளங்காதது. "காக்கா, உறுதியில பிழையொண்டும் இல்லையே?" என்று அவள் கேட்பாள். "ஒண்டுமில்ல தங்கச்சி, நான் சொல்றன்தானே" என்பார் அவர். அந்த 'நான் சொல்றன்' என்பதற்குத்தான் அவள் விலை கொடுக்கிறாள். காணி அதற்கு அப்பால் இருக்கிறது. 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச்சட்டம் காணி எழுதுவதற்கு நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டுமென்றது. அந்த இருவரில் ஒருவராகத் தரகரே ஒப்பம் வைப்பது எங்கள் பக்கத்தில் அபூர்வமன்று.

எங்கள் பக்கத்திலே வீடும் வளவும் பெரும்பாலும் பெண்பிள்ளைக்கே போகின்றன. தமிழரும் முஸ்லிம்களும் இதில் ஒரே வழக்கினர். காணியிலே ஒரு பொய் நுழைந்தால் அது கடைசியிற் போய் விழுவது ஒரு பெண்ணின் கலியாணத்தின்மேல். ஆவணங்களின் நிலைமையும் அப்படி. யுத்தத்தில் இடம்பெயர்ந்து சில உறுதிகள் போயின, 2004 மார்கழி 26ஆம் திகதி கடல் சில உறுதிகளைக் கொண்டுபோயிற்று. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணியை நினைத்தபடி விற்கவியலாது. ஒரே காணியை இருவருக்கு எழுதினால், 1927ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி, கபடம் நிரூபிக்கப்பட்டாலொழிய, முந்திப் பதிந்தவர் கையே ஓங்கும். இத்தனை ஓட்டைகளையும் அறிந்த ஒரே மனிதர் தரகர். அறிவு அவர் பக்கம், பணம் அவள் பக்கம், நடுவே நம்பிக்கை.

எனவே உரிமம் என்பதை நான் தொழில் செய்யும் சொத்துரிமையாக எண்ணவில்லை. ஊர் தன் பெயரால், தரகனை முன்பின் அறியாத ஓர் அந்நியருக்கு நிற்கும் பிணை அது. பிணையை மீட்டுக்கொள்வதைத் தண்டனை என்று சொல்லக்கூடாது; தண்டனை சிறையிலே முடிந்துவிட்டது. 'செய்த குற்றத்துக்கு அனுபவித்துவிட்டேன், மறுபடியும் ஏன் தண்டிக்கிறீர்கள்?' என்று மனம் நொந்து கேட்கும் தரகருக்கு விடை அவ்வளவுதான்: உம்மைத் தண்டிக்கவில்லை, உமக்காக எங்கள் கையொப்பத்தை இட மறுக்கிறோம்.

இந்தப் பேதத்தை மிக நுட்பமாக ஆராய்ந்தவர்கள் இஸ்லாமிய நியாய சாஸ்திரிகள். கற்புடைய பெண்மேல் அவதூறு சொல்லி, நான்கு சாட்சி கொண்டுவர இயலாதவனுடைய சாட்சியத்தை இனி ஏற்கவேண்டாம் என்று திருக்குர்ஆனின் அந்நூர் அத்தியாயம் விதித்து, அடுத்த வசனத்திலேயே, பின்னர் பச்சாத்தாபப்பட்டுத் திருந்தியவர்களுக்கு விலக்கும் கூறுகிறது. அந்த விலக்கு எதைத் தொடுகிறது என்பதிலே மத்ஹபுகள் என்னும் சட்ட மரபுகள் பிரிந்தன. ஹனபிகள், மன்னிப்பு மறுமைக்கு உரியது, சாட்சித் தகுதி திரும்பாது என்றார்கள். உத்தரமேரூர்ச் சபையார் கேட்டிருந்தால் தலையசைத்திருப்பார்கள். ஷாஃபிஈ மத்ஹபோ, நம் கீழ்க்கரை முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றுவது அதுவே, தௌபா, அதாவது பச்சாத்தாபம், செய்தவனுடைய சாட்சியம் திரும்பும் என்றது.

இவ்விவாதத்துக்கு மூலமாகக் காட்டப்படுவது, கலீபா உமர் (ரலி) காலத்தில் பஸ்ராவிலிருந்து எழுந்த ஒரு வழக்கு. ஒரு குற்றச்சாட்டில் நான்காவது சாட்சி உறுதியாய்ச் சொல்லாமற் போகவே, ஏனைய மூவரும் அவதூறுக்குக் கசையடி பெற்றார்கள். சொன்னதை மீட்டுக்கொள்ளுங்கள், உங்கள் சாட்சியத்தை மறுபடி ஏற்கிறேன் என்றார் உமர். இருவர் மீட்டுக்கொண்டார்கள், அபூபக்ரா (ரலி) மறுத்துவிட்டார், அவருடைய சாட்சியம் பின்னர் ஏற்கப்படவில்லை. ஆனால் அதே அபூபக்ரா அறிவித்த நபிமொழிகள் ஸஹீஹுல் புகாரியிலே இடம்பெற்றிருக்கின்றன! நீதிமன்றத்துக்கு ஆகாதவர், நபியின் வாக்கை அறிவிப்பதற்கு ஆகிறார். நம்பிக்கை என்பது ஒரே கட்டியாக இருப்பதன்று, எந்தக் காரியத்துக்கு என்று கேட்டே அளக்கவேண்டியது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இதை வைத்துத்தான், எந்தத் தண்டனையானாலும் உரிமம் போகவேண்டும் என்ற கடுஞ்சட்டத்தை நான் ஒப்பமாட்டேன். வாலிபத்தில் கோயில் வீதியிலே கைகலந்து மறியற்பட்டவன் ஐம்பது வயதிற் காணி காட்டக்கூடாதென்பதற்கு என்ன காரணம்? அதிலும், 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டம் பொலிஸ் உயரதிகாரி முன்னே கொடுத்த வாக்குமூலத்தையே சாட்சியமாக ஏற்க இடம் வைத்த நாட்டிலே, தண்டிக்கப்பட்டவன் என்ற ஒரு முத்திரையை மட்டும் பார்த்து மனிதனுடைய யோக்கியதையைத் தீர்மானிப்பது பெரிய அநீதி. கிழக்கிலே பிறந்தவனுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. கள்ள ஒப்பமிட்டவன், ஒரு காணியை இரண்டு தரம் விற்றவன், விதவையின் முற்பணத்தை விழுங்கியவன், இவர்களைப் பற்றியே என் பேச்சு.

இவர்களுக்கும் கதவை என்றைக்கும் அடைத்துவிடலாமா? இங்கே உத்தரமேரூரை விட்டு நான் அக்கரைப்பற்றுப் பள்ளிவாசற் பக்கம் வருகிறேன். ஷாஃபிஈகள் திரும்பிவர வழிவிட்டார்கள், ஆனால் வாய்வார்த்தைக்கு விடவில்லை. பிறர் உரிமையைப் பறித்தவனுடைய தௌபா, பறித்ததைத் திருப்பிக் கொடுக்காதவரையில் பூர்த்தியாகாது. அதன் பின்னும் சோதனைக் காலம் ஒன்று உண்டு. பெரும்பாலோர் அதை ஒரு வருடமென்று கணித்ததாக இமாம் நவவி தம் மின்ஹாஜிலே குறிக்கிறார், நான்கு பருவமும் மனித சுபாவத்தை அசைத்துப் பார்க்குமே என்பது உரைகாரர் சொல்லும் காரணம். எங்கள் வட்டைகளின் கணக்கிலே அது ஒரு பெரும்போகமும் ஒரு சிறுபோகமும் ஆகும். அறுவடை முடிந்து ஊரெல்லாம் காசு புழங்குகையிலும், விதைப்புக்கு முன் கையிலே சல்லியில்லாத மாதங்களிலும் ஒருவன் எப்படி நடக்கிறான் என்று பார்த்தால், அவனைப் பற்றி ஏறக்குறைய எல்லாம் தெரிந்துவிடும். காணி விஷயத்தில் ஒரு வருடம் போதுமோ என்பது வேறு பேச்சு. பொய்யுறுதி வெளிப்படவே பத்து வருடம் பிடிக்கிறதே.

சைவராகிய நாங்களும் இதில் வாய்மூடியிருக்க நியாயமில்லை. கோயில் முன்றலிலே கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் பண்ணிவிட்டால் பாவம் போயிற்று என்று ஊரே கலைந்துபோவதை நான் கண்டிருக்கிறேன். காணி மட்டும் எடுத்தவன் கையிலேயே இருக்கும். வினை அனுபவித்தே தீரவேண்டியது என்ற சித்தாந்தம், வாங்கியதைத் திருப்பிக் கொடாமலிருப்பதற்குச் சாக்காக வந்ததன்று. ஒரு சாண் நிலத்தை அநியாயமாய்க் கவர்ந்தவன் கழுத்திலே ஏழு பூமிகளும் மாட்டப்படும் என்ற கருத்துள்ள நபிமொழியை அடுத்த ஊர்ப் பள்ளியிலே கேட்டவன், எங்கள் கற்பூரச் சத்தியத்தைப் பார்த்துச் சிரித்தால் அதிலே குற்றமில்லை.

சட்டம் வரும்வரை, பிணை நிற்பதும் மீட்பதும் ஊரின் கையிலேதான் இருக்கிறது. கோயில் வண்ணக்கர்மாரும் பள்ளிவாசல் மரைக்காயர்மாரும் ஒரு மேசையில் உட்கார்ந்து, தரகரிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: எடுத்ததைக் கொடுத்துவிட்டீரா? மனம் மாறியதா என்று கேட்க அவர்களுக்கு அதிகாரமில்லை. அது அவனுக்கும் அவனைப் படைத்தவனுக்கும் உள்ள அந்தரங்கம். கொடுத்தவனுக்குச் சில போகங்கள் பொறுத்துப் பார்த்து இடம் விடலாம். கொடாதவன் கொடுக்குமட்டும் வெளியே நிற்கட்டும்.

ஒரு சங்கடம் மிஞ்சுகிறது. அந்த 2004ஆம் ஆண்டுக் கடலிலே, வாரிசு ஒருவரும் மிஞ்சாமல் முழுக் குடும்பமாகப் போனவர்கள் இந்தக் கரையில் உண்டு. அப்படியொரு குடும்பத்தை ஏமாற்றிய தரகன் இன்று உண்மையாகவே மனம் வருந்தி வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். உரியவரைக் காண முடியாத பொருளைக் காழியிடமோ பொது நன்மைக்கோ ஒப்படைக்கச் சொல்கிறார்கள் சாஸ்திரிகள். அவன் அப்படியே செய்துவிடுகிறான். அவனுக்கு மறுமையிலே மன்னிப்புக் கிடைக்கலாம், கிடைக்கட்டும் என்றே நானும் வேண்டுவேன். ஆனால் அவன் கொடுத்துவிட்டான் என்று சொல்வதற்கு உரிய வாய் இவ்வூரில் ஒன்றுமில்லை, அந்த வாய்க்குப் பதிலாகப் பேசும் உரிமை வண்ணக்கருக்கும் இல்லை, மரைக்காயருக்கும் இல்லை. அவன் கடை வைக்கட்டும், வயல் செய்யட்டும். காணி மட்டும் காட்ட வேண்டாம்.