மருத்துவச்சியின் வாசல்

ஆப்பிரிக்காவின் தென்கிழக்கிலுள்ள மலாவி நாட்டில் ஊர் மருத்துவச்சிகளை ‘அசாம்பா’ என்று அழைக்கின்றனர். இவர்கள் பிள்ளைப்பேறு பார்க்கக் கூடாதென 2007-ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு தடை விதித்தது. 2010-இல் அன்றைய குடியரசுத் தலைவர் பிங்கு வா முத்தாரிக்கா, அவர்களுக்குப் பயிற்சி அளிப்பதே தக்கதெனக் கூறி அத்தடையை விலக்கினார். தடை, விலக்கல் ஆகிய இரண்டுமே தாய்மாரின் உயிரைக் காக்கும் நோக்கில் எழுந்தவை. அப்படியாயின், எது அறம் என்ற கேள்வி நம்முன் எழுகிறது.

தடைக்குக் காரணம் இல்லாமலில்லை. இரத்தப்போக்கு மிகுந்தால் மருத்துவச்சியால் இரத்தம் ஏற்ற இயலாது. குழந்தை குறுக்கே கிடந்தால் அறுவை செய்ய இயலாது. எச்.ஐ.வி. கிருமியோ அவள் கண்ணுக்கே தெரியாது. மருத்துவ உதவி ஏதுமின்றி விட்டால், கிருமியுள்ள தாய்மாருக்குப் பிறக்கும் நூறு குழந்தைகளில் 15 முதல் 45 பேருக்கு, கருவிலோ பேற்றின்போதோ தாய்ப்பாலின் வழியோ அது தொற்றிவிடுகிறது. தாய்க்கும் சேய்க்கும் உரிய காலத்தில் மருந்து கிடைத்தால் இத்தொகையை 5-க்கும் கீழே குறைக்க முடியும். கிருமியுள்ள கருவுற்ற தாய்மார் அனைவருக்கும் வாழ்நாள் முழுவதும் மருந்தளிக்கும் திட்டத்தை 2011-இல் உலகிலேயே முதலாவதாகத் தொடங்கிய நாடும் மலாவிதான்.

ஆனால் மருந்து மருத்துவமனையில் இருக்கிறது; மழைக்காலத்து நள்ளிரவில் நோவெடுத்த பெண்ணோ சிற்றூரில் இருக்கிறாள். அவளுக்கு எட்டும் தொலைவில் இருப்பது மருத்துவச்சியின் வாசல் ஒன்றே. அதை அடைத்துவிட்டால் பேறு நின்றுவிடுமா? அது மறைவில் நிகழும். பிறந்த சில மணி நேரத்துக்குள் குழந்தைக்கு மருந்து தொடங்க வேண்டும். ஆனால் மறைவில் பெற்ற தாய், எங்கே பெற்றாய் என்ற கேள்விக்கு அஞ்சி வீட்டிலேயே இருந்துவிடுவாள். மாற்றுவழி அமைக்காமல் விதிக்கும் தடை, விதித்தவரின் மனச்சான்றை அமைதிப்படுத்தலாம், குழந்தையைக் காப்பதில்லை.

இதனால் மருத்துவச்சியே போதும் என்று சொல்லிவிடுவதும் நேர்மையன்று. நம் வீட்டுப் பெண்ணுக்குப் போதாதெனக் கருதும் ஒன்றை, தொலைவிலுள்ள ஏழைப் பெண்ணுக்குப் போதுமென்று சொல்ல நமக்கு உரிமை ஏது? 2012-இல் தொடங்கிய திட்டம் ஒன்றின்கீழ், பேறுகாலம் நெருங்கிய பெண்கள் முன்னதாகவே வந்து தங்குவதற்கான இல்லங்கள் மலாவியில் மருத்துவமனைகளின் அருகே கட்டப்பட்டன. அங்கே கைப்பிடித்து அழைத்துச் செல்ல, அப்பெண் நம்பும் ஒருத்தி வேண்டும். அந்த நம்பிக்கையைப் பல ஆண்டுகளாகப் பெற்றிருப்பவள் மருத்துவச்சியே.

இன்னொன்றையும் எண்ணிப் பார்ப்போம். மருத்துவச்சி பெரும்பாலும் அண்டை வீட்டுக்காரி. தன் உடலில் கிருமி இருப்பதை அவளிடம் சொல்லத் தாய் தயங்குவாள். சொல்லியே ஆக வேண்டும் என வற்புறுத்துவது முறையா? அதற்குத் தேவையே இல்லை. கருவுற்ற எவரையும் பரிசோதனைக்கு அனுப்புவது, எவருக்குப் பேறு பார்த்தாலும் கையுறை அணிவது, ஒவ்வொரு முறையும் புதிய பிளேடால் தொப்புள்கொடியை அறுப்பது ஆகியவற்றை எல்லாருக்கும் பொதுவாக்கினால் போதும். எவருடைய மறைபொருளும் வெளிப்படாது. வெறுங்கையால் இரத்தத்தைத் தொட்டுவந்த மருத்துவச்சிக்கும் அதுவே காப்பு.

ஆகவே, மருத்துவச்சியைக் குற்றவாளியாகக் காணும் முன்னர், அவள் வாசலுக்கு அப்பெண் ஏன் வந்தாள் எனக் கேட்போம். சாலையும் ஊர்தியும் செவிலியரும் அச்சிற்றூரை எட்டும் நாள்வரை, அவள் கையில் நாம் கொடுக்க வேண்டியது விலங்கா, கையுறையா?